24 பிட் சிப் வாங்கியாச்சு... ஆனாலும் தராசு ஏன் ஆடுது?

காய்கறிக் கடையில் இருக்கும் எலெக்ட்ரானிக் தராசைக் கவனித்திருப்பீர்கள். தட்டில் ஒரு வெங்காயம்கூட இருக்காது. ஆனாலும் திரையில் 0, 5, 0, 5 என்று எண் துள்ளிக்கொண்டே இருக்கும். கடைக்காரர் தட்டை லேசாகத் தட்டுவார், அல்லது ஃபேனை நிறுத்துவார். பல நேரம் ஃபேன் காற்றுதான் உண்மையான காரணம். ஆனால், எல்லா நேரமும் அல்ல. சில தராசுகளில் கோளாறு தட்டுக்குக் கீழே, பச்சை நிற சர்க்யூட் போர்டில் இருக்கிறது.

இது தராசோட பிரச்சினை மட்டும் இல்லை. ஆஸ்பத்திரி மானிட்டரில் ஓடும் இ.சி.ஜி., எலெக்ட்ரிக் ஸ்கூட்டரில் காட்டும் பேட்டரி சதவீதம், வயலில் நட்டு வைத்த ஈரப்பத சென்சார் என எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரே வேலை நடக்கிறது. வெளியுலகத்தில் ஏற்ற இறக்கமாக ஓடும் வோல்டேஜை எண்ணாக மாற்றும் வேலை. அதைச் செய்யும் சிப்பின் பெயர் அனலாக் டு டிஜிட்டல் கன்வெர்ட்டர், சுருக்கமாக ஏ.டி.சி.

இந்த சிப்பை வாங்குவது இன்றைக்கு ரொம்பவே சுலபம். அதைச் சுற்றி போர்டு போடுவதுதான் கஷ்டம். இந்த இரண்டாவது பாதியை நம் ஊர் ஹார்டுவேர் டீம்கள் பலவும் கடைசி இரண்டு நாள் வேலையாகவே நடத்துகின்றன. நம்பகமான கருவி வேண்டுமென்றால், முதலில் மாற வேண்டியது இந்தப் பழக்கம்தான்.

கொஞ்சம் கணக்கு பார்க்கலாம்

தராசுத் தட்டுக்குக் கீழே 'லோட் செல்' என்று ஓர் உலோகத் துண்டு இருக்கும. எடை வைத்தால் அது கண்ணுக்குத் தெரியாத அளவில் வளையும். அந்த வளைவுக்கு ஏற்ப ஒரு சின்ன வோல்டேஜ் வெளியே வரும். எவ்வளவு சின்னது? வழக்கமான லோட் செல்லுக்கு 5 வோல்ட் கொடுத்தால், அதன் முழு எடையில் கிடைப்பது வெறும் 10 மில்லிவோல்ட். 40 கிலோ தாங்கும் லோட் செல் என்றால், ஒரு கிராமுக்கு 0.25 மைக்ரோவோல்ட். 5 கிராமுக்கு 1.25 மைக்ரோவோல்ட். அதாவது, ஒரு வோல்ட்டைப் பத்து லட்சம் பங்காக வெட்டி, அதில் ஒன்றேகால் பங்கு.

இந்த வேலைக்கு உலகம் முழுக்க ஓடுகிற மலிவான சிப் ஒன்று உண்டு, ஹெச்.எக்ஸ்.711. கல்லூரி புராஜெக்ட் செய்த பல பேருக்கு அறிமுகமானது. 24 பிட். அதாவது அளவுகோலில் 1,67,77,216 கோடுகள்! ஆனால், 30 கிலோ தராசில் 5 கிராம் 5 கிராமாகக் காட்டினால் தேவைப்படுவது 6,000 படிகள்தான். மீதியெல்லாம் எங்கே போச்சு?

கொஞ்சம் இரைச்சலில் போகிறது. சிப்பின் டேட்டாஷீட்டே இதை ஒளிக்காமல் சொல்கிறது: மெதுவான வேகத்தில், அதிகபட்சப் பெருக்கத்தில் வைத்தாலும் சுமார் 50 நானோவோல்ட் இரைச்சல் இருக்கும். ஒரு கோடு என்பது 2.4 நானோவோல்ட் என்பதால், கடைசி நாலைந்து பிட்கள் எப்போதும் ஆடிக்கொண்டேதான் இருக்கும். ஆனால் நம் தராசு கணக்கில் 50 நானோவோல்ட் என்றால் 0.2 கிராம். 5 கிராம் காட்டுகிற தராசுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. ஆக, சிப்புக்குத் தெம்பு இருக்கிறது. அப்படியும் எண் துள்ளினால், மிச்ச இரைச்சலைச் சேர்த்தது போர்டு.

டப்பா மேலே '24 பிட்' என்று பெரிதாக அச்சடித்து விற்பது விளம்பரம். போர்டில் உண்மையாகக் கையில் கிடைக்கிற பிட்கள் எத்தனை என்று ஒரு தனி அளவே இருக்கிறது, அதைத்தான் பொறியாளர்கள் பார்க்கிறார்கள். கேமராவில் மெகாபிக்சல் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். லென்ஸில் தூசி இருந்தால் 108 மெகாபிக்சலும் தூசியைத்தான் துல்லியமாகப் படம் பிடிக்கும்.

தூங்கிக்கொண்டே அளக்கும் சிப்

ஆர்டுயினோ யூனோ போர்டில் இருக்கும் ஏ.டி.மெகா328பி என்ற மைக்ரோகண்ட்ரோலரில் ஒரு விநோத வசதி உண்டு. ஏ.டி.சி. அளக்கிற அந்தச் சில நொடித்துளிகளுக்கு, சிப் தன் சொந்த மூளையையே தூங்க வைத்துவிடும். அளந்து முடித்ததும் எழுந்துகொள்ளும். ஏன் இப்படி? அந்த மூளை ஒவ்வொரு கணக்கைப் போடும்போதும் ஏராளமான சுவிட்சுகள் திறந்து மூடுகின்றன. அந்த ஆட்டம் பக்கத்திலேயே இருக்கும் அளவுகோலை உலுக்குகிறது. ஒரே சிலிக்கான் துண்டுக்குள்ளேயே இந்த நிலைமை என்றால், வைஃபை, மோட்டார், திரை எல்லாம் சேர்ந்திருக்கும் போர்டில் கேட்கவா வேண்டும்?

இத்தனைக்கும் யூனோவின் ஏ.டி.சி. 10 பிட்தான். 5 வோல்ட்டில் ஒரு படி கிட்டத்தட்ட 4.9 மில்லிவோல்ட். தராசு கேட்பது அதைவிட ஆயிரக்கணக்கான மடங்கு நுணுக்கம்!

ஐ.ஓ.டி. புராஜெக்ட்களின் செல்லப்பிள்ளையான இ.எஸ்.பி.32 சிப்பும் இதற்கு விலக்கில்லை. அதன் ஏ.டி.சி. இரைச்சலுக்குச் சீக்கிரம் ஆட்படும், இன்புட் பின் அருகே 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் வையுங்கள், பலமுறை அளந்து சராசரி எடுங்கள் என்று தயாரித்த நிறுவனமே தன் ஆவணத்தில் சொல்லியிருக்கிறது. ஆன்லைனில் 'ரீடிங் கன்னாபின்னான்னு வருது' என்று புலம்புகிற பலர் அந்தப் பக்கத்தைத் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள் போல.

கிரவுண்டை வெட்டலாமா, கூடாதா?

போர்டு டிசைன் பற்றிப் பேச உட்கார்ந்தால் கடைசியில் சண்டை வந்து நிற்கிற இடம் இது. அனலாக் பகுதிக்கு ஒரு கிரவுண்ட், டிஜிட்டல் பகுதிக்கு ஒரு கிரவுண்ட் என்று செம்புத் தளத்தை இரண்டாக வெட்டி, ஒரே ஒரு புள்ளியில் மட்டும் சேர்க்க வேண்டும் என்று பல ஆண்டுகளாகச் சொல்லித் தரப்படுகிறது. கேட்க நியாயமாகத்தான் இருக்கும். சத்தம் போடுகிறவர்களுக்குத் தனி ரூம், படிக்கிறவர்களுக்குத் தனி ரூம்!

ஆனால், மின்சாரம் ரூமில் உட்கார்ந்திருக்கிற ஆசாமி இல்லை. கிளம்பிய இடத்துக்குத் திரும்பி வந்தே ஆக வேண்டும். வேகமான டிஜிட்டல் சிக்னல் ஒரு டிரேஸ் வழியாகப் போனால், அதன் திரும்பும் மின்னோட்டம் அந்த டிரேஸுக்கு நேர் கீழே, கிரவுண்ட் தளத்தில் ஒட்டிக்கொண்டே வரப் பார்க்கும். நடுவில் தளத்தை வெட்டி வைத்து, அந்த வெட்டுக்கு மேலாக டிரேஸை ஓட்டினால் என்ன ஆகும்? ஜி.எஸ்.டி. ரோட்டில் எதிர்ப்பக்கக் கடைக்குப் போகிற கதைதான். கடை கண்ணெதிரே இருக்கும். நடுவில் தடுப்புச்சுவர். அடுத்த யூ-டர்ன் வரை போய்ச் சுற்றி வர வேண்டும். திரும்பும் மின்னோட்டமும் அப்படியே ஊரைச் சுற்றுகிறது. அந்தச் சுற்று பெரிதாகப் பெரிதாக அது ஓர் ஆன்டெனாவாக மாறி, சத்தத்தை வெளியே விடவும் செய்யும், உள்ளே வாங்கவும் செய்யும். பிரித்து வைத்ததாலேயே பிரச்சினை பெருசாகிவிடுகிறது.

பெல் ஆய்வகத்தில் பணியாற்றிய ஹென்றி ஆட், 2001-ல் எழுதிய ஒரு கட்டுரையில் இதைத் தெளிவாக வாதிட்டார்: கிரவுண்டை வெட்டாதீர்கள், போர்டில் பாகங்களை அடுக்குவதைப் பிரியுங்கள். அனலாக் பாகங்கள் ஒரு பக்கம், டிஜிட்டல் பாகங்கள் இன்னொரு பக்கம். ஏ.டி.சி. எல்லையில். கீழே முழு கிரவுண்ட் தளம் ஒன்றே ஒன்று. டிஜிட்டல் டிரேஸ் எதுவும் அனலாக் பகுதிக்குள் எட்டிப் பார்க்கக் கூடாது, அவ்வளவுதான். கால் நூற்றாண்டு ஆகப் போகிறது. இன்னமும் வெட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

குழப்பத்துக்கு சிப் கம்பெனிகளும் ஒரு காரணம். ஏ.டி.சி.யில் 'ஏ.ஜி.என்.டி.', 'டி.ஜி.என்.டி.' என்று இரண்டு பின்கள் இருக்கும். பெயரைப் பார்த்ததும், முதலாவதை அனலாக் கிரவுண்டிலும் இரண்டாவதை டிஜிட்டல் கிரவுண்டிலும் சேர்க்கத் தோன்றும். உண்மையில், அந்தப் பெயர்கள் சிப்புக்கு உள்ளே அந்தப் பின் எந்தப் பகுதிக்குப் போகிறது என்பதைச் சொல்கின்றன. வெளியே இரண்டையும் சிப்புக்கு அடியிலேயே, ஒரே அனலாக் கிரவுண்டில் சேர்க்கச் சொல்லித்தான் அனலாக் டிவைசஸ் நிறுவனத்தின் வழிகாட்டிகளே எழுதியிருக்கின்றன. பெயர் வைக்கும்போது கொஞ்சம் யோசித்திருக்கலாம்!

வெட்ட வேண்டிய இடமே இல்லையா? இருக்கிறது. நோயாளியின் உடம்பில் ஒட்டும் கருவி, 230 வோல்ட் லைனைத் தொடும் மீட்டர் போன்றவற்றில் உயிர்ப் பாதுகாப்புக்காக இரு பகுதிகளையும் முழுசாகப் பிரித்தே ஆக வேண்டும். அங்கே நடுவில் எந்தச் செம்பும் தாண்டாது. அது வேறு காரணம், வேறு விதி. அதைப் பார்த்துவிட்டு வீட்டு வெப்பமானியிலும் கிரவுண்டை வெட்டுவது சும்மா சடங்கு.

திரையில் 8 எரிந்தால் எடை மாறுமா?

மாறலாம். இது ஜோக் இல்லை.

போர்டில் ஓடும் செம்புக் கோட்டை எல்லாரும் 'ஒயர்' என்று நினைக்கிறார்கள். அது ஒரு சின்ன ரெசிஸ்டர். வழக்கமான 35 மைக்ரான் செம்பில், கால் மில்லிமீட்டர் அகலம், 5 சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு டிரேஸ் போட்டால் அதன் மின்தடை சுமார் 0.1 ஓம். தராசின் எல்.இ.டி. திரைக்கு 50 மில்லிஆம்பியர் அந்தக் கோடு வழியாகத் திரும்பி வருகிறது என்று வையுங்கள். கோட்டின் இரு முனைகளுக்கும் நடுவே 5 மில்லிவோல்ட் விழும். லோட் செல்லின் கிரவுண்டையும் அதே கோட்டில் சேர்த்திருந்தால், 5 வோல்ட் கிடைக்க வேண்டிய லோட் செல்லுக்கு 4.995 வோல்ட்தான் கிடைக்கும். ஏ.டி.சி. இன்னும் 5 வோல்ட் என்றே நம்பிக்கொண்டிருக்கும். பிழை 0.1 சதவீதம். சின்னதாகத் தெரிகிறதா? 30 கிலோவில் அது 30 கிராம். தராசின் ஆறு படிகள்.

இப்போது திரையைக் கவனியுங்கள். '1' என்ற எண்ணுக்கு இரண்டு கோடுகள் எரிந்தால் போதும். '8'-க்கு ஏழு. எடை எண் மாற மாற திரை இழுக்கிற மின்சாரம் மாறும், அதனால் அளக்கப்படும் எடையும் மாறும், அதனால் எண் மறுபடி மாறும்... இரண்டு எண்களுக்கு நடுவே தராசு ஊசலாடுவதற்கு இதைவிட அழகான வழி வேண்டுமா?

தீர்வுக்குப் பெரிய செலவு கிடையாது. லோட் செல்லுக்கு எந்த இரு புள்ளிகளிலிருந்து வோல்டேஜ் போகிறதோ, அதே இரு புள்ளிகளிலிருந்தே ஏ.டி.சி.யின் ஒப்பீட்டு வோல்டேஜையும் எடுக்க வேண்டும். அப்போது ஒன்று இறங்கினால் மற்றதும் சேர்ந்து இறங்கும், விகிதம் மாறாது. சிக்னல் கோடுகள் இரண்டையும் ஜோடியாக, ஒரே நீளத்தில், பக்கத்தில் பக்கத்தில் ஓட்ட வேண்டும். திரையின் மின்சாரம் தனி வழியில் திரும்ப வேண்டும். சர்க்யூட் வரைபடத்தில் தப்பும் சரியும் ஒரே மாதிரிதான் தெரியும் என்பதுதான் இதில் விஷயம். வரைபடத்தில் கிரவுண்ட் என்பது ஒரு குறியீடு. போர்டில் அது ஓர் இடம்.

சூடும் சும்மா இருக்காது. இரண்டு வேறு உலோகங்கள் சேரும் இடத்தில் வெப்பநிலைக்கு ஏற்ப ஒரு சின்ன வோல்டேஜ் பிறக்கும். செம்பும் சால்டரும் சேருமிடத்தில் அது ஒரு டிகிரிக்கு 1 முதல் 3 மைக்ரோவோல்ட். நம் தராசில் 5 கிராமுக்கு எவ்வளவு என்று பார்த்தோம்? 1.25 மைக்ரோவோல்ட். லோட் செல்லின் இரண்டு சிக்னல் இணைப்புகளில் ஒன்றுக்குப் பக்கத்தில் வோல்டேஜ் ரெகுலேட்டர் கொதித்துக்கொண்டிருந்தால், இன்னொன்று ஒரு டிகிரி குளிர்ச்சியாக இருந்தாலே போதும், வெங்காயம் கனத்துவிடும். தட்டு காலியாக இருக்கும்போது பூஜ்யத்தைத் தானே திருத்திக்கொள்ளும் வசதி தராசுகளில் உண்டு. அது பல பாவங்களை மறைக்கிறது. தட்டில் பொருள் இருக்கும்போது மறைக்க முடியாது.

'சாஃப்ட்வேர்ல பாத்துக்கலாம்'

ஹார்டுவேர் மீட்டிங்குகளில் அதிகம் கேட்கிற வசனம் இதுவாகத்தான் இருக்கும். ரீடிங் ஆடுதா? நூறு முறை அளந்து சராசரி போடு. இதில் பாதி உண்மை இருக்கிறது. இரைச்சல் தாறுமாறாக, எந்த ஒழுங்கும் இல்லாமல் இருந்தால், நூறு அளவைச் சராசரி போட்டால் அது பத்தில் ஒரு பங்காகும். ஆனால், மேலே சொன்ன 30 கிராம் பிழை தாறுமாறானது இல்லை. எப்போதும் ஒரே பக்கம் இழுக்கும். ஆயிரம் முறை சராசரி போட்டாலும் அதே 30 கிராம்தான், இன்னும் அழகாக, ஆடாமல் அசையாமல் தப்பாகக் காட்டும்.

இன்னொரு பொறி, 50 ஹெர்ட்ஸ். நம் வீட்டு மின்சாரம் எல்லா ஒயரிலும் தன் முணுமுணுப்பை விட்டுச் செல்கிறது. மைக்ரோகண்ட்ரோலரின் சாதாரண ஏ.டி.சி.யை வைத்து நொடிக்குச் சரியாக 10 முறை அளந்தால், ஒவ்வொரு முறையும் அந்த 50 ஹெர்ட்ஸ் அலையின் அதே இடத்தைத்தான் பிடிப்பீர்கள். அலை இருப்பதே தெரியாது, நிலையான பிழையாக நிற்கும். கிரிட்டின் அதிர்வெண் 49.95-க்கு இறங்கினால் இன்னும் வேடிக்கை. 20 நொடிக்கு ஒருமுறை ரீடிங் மெதுவாக ஏறி இறங்கும். பார்ப்பவர், 'சென்சார் டிரிஃப்ட் ஆகுது' என்று சென்சாரை மாற்றிக்கொண்டிருப்பார். ஒரு ரெசிஸ்டரும் ஒரு கெபாசிட்டரும் சேர்ந்த ஃபில்டர், ஏ.டி.சி.க்கு முன்னால் உட்கார்ந்திருந்தால் இந்தத் தலைவலி பெருமளவு குறைந்திருக்கும். அளந்து முடித்த பிறகு இதைப் பிரித்தெடுக்க எந்தக் கோடாலும் முடியாது. ஹெச்.எக்ஸ்.711 மாதிரி சிப்கள் நொடிக்கு 10 அளவு என்ற வேகத்தில் 50 ஹெர்ட்ஸைத் தாங்களே வடிகட்டிவிடும். 'வேகமா வேணும்' என்று அதை 80-க்கு மாற்றுகிறவர்கள், எதை விட்டுக்கொடுக்கிறோம் என்று தெரிந்தே மாற்றுவது நல்லது.

இ.சி.ஜி.யில் இதயத்தின் துடிப்பு தோல்மேல் தருவது ஏறத்தாழ 1 மில்லிவோல்ட். அங்கே 50 ஹெர்ட்ஸ் கலந்தால், டாக்டர் பார்க்க வேண்டிய சின்ன நெளிவுகள் மூழ்கிப்போகும். அழகுக்காக சாஃப்ட்வேரில் கடுமையாக வழித்துவிட்டால், நெளிவும் சேர்ந்து வழிந்துவிடும்.

யார் போடுவது இந்த போர்டை?

அமெரிக்காவில் ஜிம் வில்லியம்ஸ் என்று ஒருவர் இருந்தார். 1970-களில் எம்.ஐ.டி.யில் வேலை பார்த்தபோது, ஊட்டச்சத்து ஆய்வுக்காக ஒரு தராசு செய்துகொடுத்தார். சுமார் 136 கிலோ வரை, நாலரை கிராம் நுணுக்கத்தில்! அனலாக் டிசைன் இன்னும் சாகவில்லை என்ற அறிவிப்போடு 1976-ல் அதைப் பற்றி எழுதினார். 2011-ல் அவர் இறந்த பிறகு, கம்பிகளும் பாகங்களும் குவிந்து கிடந்த அவருடைய வேலை மேஜையையே கலிஃபோர்னியாவின் கணினி வரலாற்று அருங்காட்சியகம் காட்சிக்கு வைத்தது. இன்று அவர் கையால் செய்ததைவிடத் திறமையான சிப்கள் சில்லறை விலையில் கிடைக்கின்றன. அவர் செம்பு மேல் காட்டிய பொறுமைதான் கிடைக்கவில்லை.

தமிழ்நாட்டுக்கு இதில் நேரடி சம்பந்தம் இருக்கிறது. 2024-25 நிதியாண்டில் மாநிலத்தின் மின்னணுப் பொருள் ஏற்றுமதி 1,465 கோடி டாலர், நாட்டிலேயே முதலிடம். ஸ்ரீபெரும்புதூரைச் சுற்றி இரவு பகலாக போர்டுகளில் பாகங்கள் பொருத்தப்படுகின்றன. பல அடுக்கு சர்க்யூட் போர்டுகள் உள்ளிட்ட பாகங்களை இங்கேயே தயாரிக்க, மத்திய அரசு 2025 மார்ச்சில் ரூ.22,919 கோடி திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. நல்ல விஷயம். ஆனால், போர்டைத் தயாரிப்பது வேறு, எந்தச் செம்பு எங்கே போகணும் என்று முடிவெடுப்பது வேறு. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் 1985-லேயே பெங்களூரில் டிசைன் மையம் தொடங்கியது. அங்கே சிப் டிசைன் ஒரு கௌரவமான வேலையாக வளர்ந்தது. போர்டு லேஅவுட் மட்டும் இன்னும் பல இடங்களில் 'டிராயிங் வேலை'. சர்க்யூட்டை யோசித்தவர் ஒருவர், லேஅவுட் போடுபவர் இன்னொருவர், இருவரும் ஒரு மேஜையில் உட்காருவதே இல்லை. டெட்லைன் நெருங்கினால் 'ஆட்டோ ரூட்' பட்டன். அந்த மென்பொருளுக்கு இரண்டு புள்ளிகளை இணைக்கத் தெரியும். அதில் ஒன்று வெங்காயத்தின் எடை, இன்னொன்று திரையின் மின்சாரம் என்று தெரியாது.

சிக்கனம் பேசுகிறவர்களின் வாதத்தைப் புறந்தள்ள முடியாது. நான்கு அடுக்கு போர்டு இரண்டு அடுக்கைவிட விலை கூடுதல். லட்சக்கணக்கில் செய்யும்போது ஒவ்வொரு ரூபாயும் கணக்கு. ஆனால் அதே டீம், 16 பிட்டில் சரிவரவில்லை என்று 24 பிட் சிப்புக்குத் தாவும்போது செலவைப் பற்றி யோசிப்பதில்லை. இரண்டு அடுக்கு போர்டிலும் கீழ்ப்பக்கத்தைக் கூடுமானவரை வெட்டுப்படாத கிரவுண்டாக விட முடியும். டிகப்ளிங் கெபாசிட்டரை சிப்பின் காலடியில் வைக்க முடியும். சுவிட்சிங் ரெகுலேட்டரை மூலைக்குத் தள்ள முடியும். இதற்கெல்லாம் ஆகும் செலவு யோசிக்கிற நேரம்தான். சிப் கம்பெனிகள் தங்கள் மாதிரி போர்டுகளின் லேஅவுட்டை இலவசமாகவே தருகின்றன. அதைப் பார்த்துப் போடுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நடப்பது என்னவென்றால், வரைபடத்தை மட்டும் காப்பி அடித்துவிட்டு லேஅவுட்டை விட்டுவிடுகிறார்கள்.

போர்டு நல்லதா இல்லையா என்று தெரிந்துகொள்ள விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். ஏ.டி.சி.யின் இரண்டு இன்புட்களையும் அனுமதிக்கப்பட்ட ஒரு நிலையான வோல்டேஜில் ஒன்றாகச் சேர்த்துவிட்டு, ஆயிரம் ரீடிங் எடுத்து, எந்த எண் எத்தனை முறை வந்தது என்று ஒரு படம் போட்டால் போதும். டேட்டாஷீட் சொன்ன அகலத்தில் ஒரே ஒரு குன்று வந்தால் நல்லது. இரண்டு குன்று வந்தாலோ, குன்று பரந்து கிடந்தாலோ, போர்டில் யாரோ சத்தம் போடுகிறார்கள். பிறகு அதையே திரையை அணைத்து ஒருமுறை, திரையில் எல்லாக் கோடுகளையும் எரியவிட்டு ஒருமுறை, வைஃபை ஓடும்போது ஒருமுறை எடுக்க வேண்டும். குன்று நகர்ந்தால், அந்த போர்டை ஃபேக்டரிக்கு அனுப்பக் கூடாது.